முப்பதாயிரம் பேரைக் கேட்டால் நாட்டின் மனம் தெரியுமா?

மக்களின் நம்பிக்கைகளையும் விழுமியங்களையும் அளக்கும் கருத்தாய்வுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, களப்பணியும் புள்ளியியலும் அறிந்த எங்கள் குழு தரும் பதில்கள்.

கேள்வி: அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட இந்திய மத நம்பிக்கை ஆய்வில் கேட்கப்பட்டவர்கள் 29,999 பேர்தான். என்னையோ எனக்குத் தெரிந்தவர்களையோ யாரும் வந்து கேட்டதில்லை. இதை வைத்து 140 கோடிப் பேரைப் பற்றிப் பேசலாமா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தஞ்சாவூர்

பதில்: பேசலாம், ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து நம்பாதீர்கள். நாட்டில் வயதுவந்தோர் 90 கோடிக்கும் மேல். ஏறக்குறைய முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆய்வு நடந்தால், உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டாமல் போவதில் வியப்பில்லை.

மாதிரியின் துல்லியத்துக்கும் நாட்டின் மக்கள்தொகைக்கும் கிட்டத்தட்டத் தொடர்பே கிடையாது. ஒவ்வொருவரும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருந்து, குலுக்கல் முறையில் எடுத்தால், 1,067 பேரிடம் கேட்டுக் கிடைக்கும் சதவீதம் 100க்கு 95 தடவை உண்மைக்கு 3 சதவீதப் புள்ளிகளுக்குள் இப்பக்கமோ அப்பக்கமோ நிற்கும். 5 புள்ளிப் பிழை போதுமென்றால் 384 பேர். 2 புள்ளிக்கு 2,401. 1 புள்ளிக்கு 9,604. பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை இதிலேயே பார்க்கலாம்.

இந்தக் கணக்கு நாடு முழுவதிலிருந்தும் ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுத்தால்தான் பொருந்தும். நடைமுறையில் ஒரு கிராமத்துக்குப் போனால் இருபது பேரிடமாவது பேசிவிட்டுத்தான் திரும்புவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மாதிரி நினைக்கும் அளவுக்கு, இருபதாவது ஆள் சொல்லும் புதிய செய்தி குறைகிறது. அந்த ஒற்றுமை (ஒற்றுமையே இல்லை என்றால் 0, ஊரே ஒரே பதில் சொன்னால் 1) 0.05 அளவில் இருந்து, ஊருக்கு 20 பேர் வீதம் எடுத்தால், 1 கூட்டல் 19 பெருக்கல் 0.05, அதாவது 1.95 மடங்கு ஆட்கள் தேவை. மதம், சாதி, உணவு போன்ற விஷயங்களில் ஊர்களே பிரிந்து கிடப்பதால் ஒற்றுமை 0.15 வரை போகக்கூடும். அப்போது 3.85 மடங்கு. 1,067 பேர் வேண்டிய இடத்தில் 4,100 பேர்.

இதோடு மாநிலங்கள் சேர்கின்றன. 28 மாநிலங்களைப் பற்றியும் தனித்தனியாக 5 புள்ளிப் பிழையோடு பேச விரும்பினால், மாநிலத்துக்குச் சுமார் 750 பேர் (384இன் 1.95 மடங்கு) வீதம் 21,000 பேர் ஆகிவிடும். முப்பதாயிரம் என்ற எண் ஆடம்பரமல்ல என்பது இதனால்தான்.

எந்த ஆய்வானாலும் முதலில் படிக்க வேண்டியது, யாரை விட்டுவிட்டார்கள் என்ற பத்தி. பியூ ஆய்வின் களப்பணி 2019 நவம்பர் 17 முதல் 2020 மார்ச் 23 வரை நடந்தது. பாதுகாப்புக் காரணத்தால் காஷ்மீர் பள்ளத்தாக்கும், கொரோனா பரவலால் மணிப்பூரும் சிக்கிமும் அதில் இடம்பெறவில்லை. அவற்றைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லாது.

கேள்வி: குலுக்கல் என்கிறீர்கள். எந்த ஊர், எந்த வீடு, வீட்டில் யார் என்று உண்மையில் எப்படித் தீர்மானிக்கிறார்கள்?
— முதுகலை சமூகவியல் மாணவி, திருச்சி

பதில்: ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் நாட்டை மாநிலம், நகரம், கிராமம் என்று அடுக்குகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் ஊர்களின் பட்டியலை எடுத்து, மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்புக் கொடுத்துக் குலுக்குகிறார்கள். 4,000 பேர் உள்ள ஊருக்கு 1,000 பேர் உள்ள ஊரைவிட நான்கு மடங்கு வாய்ப்பு. ஆனால் எந்த ஊர் வந்தாலும் அதே 20 பேரைத்தான் எடுக்கப்போகிறோம் என்பதால், பெரிய ஊருக்குள் ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்கு. இரண்டும் ஈடாகி, எல்லோருக்கும் சம வாய்ப்பு வந்துவிடுகிறது.

பட்டியல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. அதற்குப் பிறகு ஊராட்சியாக இருந்த எத்தனையோ இடங்கள் நகரத்தோடு சேர்ந்துவிட்டன, அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. 2027 கணக்கெடுப்பின் முடிவு வரும்வரை இந்தக் குறை தீராது. அதனால் தேர்வான இடத்துக்குப் போனதும், கேள்வி கேட்பதற்கு முன் அங்குள்ள எல்லா வீடுகளையும் நடந்து எழுதுவது நல்லது. செலவு கூடும், ஒரு நாள் போகும். அந்த ஒரு நாளை மிச்சம் பிடித்தவர்கள் பின்னால் வருந்தியே தீர வேண்டியிருக்கும்.

தேர்தல் கருத்தாய்வுகள் நடத்தும் லோக்நிதி போன்ற அமைப்பினர் வேறு வழியில் போகிறார்கள். தொகுதிகளையும் வாக்குச்சாவடிகளையும் குலுக்கி எடுத்து, வாக்காளர் பட்டியலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் பெயர்களை எடுப்பார்கள். யாரைத் தேடிப் போகிறோம் என்று பெயரோடு தெரியும், களப்பணியாளர் இஷ்டத்துக்கு ஆளை மாற்ற முடியாது. இது பெரிய பலம். பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள், மணமாகிப் போன பிறகும் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கும் பெண்கள், இறந்தும் நீக்கப்படாத பெயர்கள் ஆகியவை இதன் பலவீனம்.

வீட்டுப் பட்டியல் எடுக்க முடியாதபோது, ஓரிடத்தில் தொடங்கி வலக்கைப் பக்கமாக நடந்து இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுப்பார்கள். இதில் உள்ள ஆபத்து நம் ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. கோயிலோ பேருந்து நிறுத்தமோ இருக்கும் பெரிய தெருவில் தொடங்கினால் 20 வீடுகளும் அங்கேயே முடிந்துவிடும். காலனிப் பக்கம் கால் போகாது. விழுமியங்களைப் பற்றிய ஆய்வில் அந்தத் தெரு விடுபட்டால், விடுபட்டது ஒரு தெரு மட்டுமல்ல, ஒரு முழுப் பார்வை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் பெரிய கிராமங்களைக் குடியிருப்புத் தொகுதிகளாகப் பிரித்து அதன்பின் தேர்வு செய்கிறார்கள். அந்தப் பழக்கத்தை யாரும் பின்பற்றலாம்.

கடைசிப் படி, வீட்டுக்குள் யார். கதவைத் திறந்தவரிடமே பேசினால், பகலில் பெண்களும் முதியவர்களும் மட்டுமே கிடைப்பார்கள். சில பகுதிகளில் யார் கதவைத் திறந்தாலும் குடும்பத் தலைவரை முன்னே தள்ளுவார்கள். அதனால் 18 வயதைத் தாண்டிய எல்லோரையும் வரிசையாக எழுதி, புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் 1949இல் வகுத்த அட்டவணை முறைப்படி ஒருவரைத் தேர்வு செய்கிறார்கள். இப்போது கைக்கணினியே இதைச் செய்கிறது. அடுத்த பிறந்தநாள் யாருக்கு என்று கேட்கும் எளிய முறையும் உண்டு. ஆனால் பிறந்த தேதி சரியாகத் தெரியாதவர்கள் நிறைய இருக்கும் இடங்களில் அது உதவாது.

தேர்வானவர் வீட்டில் இல்லையென்றால் குறைந்தது மூன்று தடவை, வெவ்வேறு நேரங்களில், ஒரு தடவையாவது மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ திரும்பப் போக வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டுமே தவிர, பக்கத்து வீட்டுக்காரரை உட்கார வைக்கக் கூடாது. எளிதில் கிடைப்பவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே மாதிரி நினைப்பதில்லை.

கேள்வி: சமணர்கள், பௌத்தர்கள், வடகிழக்கு மாநிலத்தவர் போன்ற சிறு பிரிவினரின் குரல் இதில் காணாமல் போகாதா?
— பள்ளி ஆசிரியர், விழுப்புரம்

பதில்: எதுவும் செய்யாவிட்டால் போய்விடும். 2011 கணக்கெடுப்பின்படி சமணர்கள் 0.4 சதவீதம். 30,000 பேரில் 120 பேர் வரலாம். பியூ ஆய்வில் வந்தவர்கள் 109 பேர். அவர்களை வைத்து ஒட்டுமொத்தமாக ஏதோ சொல்லலாம். சமணப் பெண்கள், சமண இளைஞர்கள் என்று பிரிக்கத் தொடங்கினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

தீர்வு, சிறு பிரிவினர் அடர்ந்து வாழும் இடங்களில் வேண்டுமென்றே கூடுதலாக எடுப்பது. வடகிழக்கின் எட்டு மாநிலங்கள் நாட்டின் மக்கள்தொகையில் 4 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 10,000 பேர் மாதிரியில் இயல்பாக 380 பேர் வருவார்கள். அவர்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டுமென்றால் 1,500 பேரை எடுங்கள். நாட்டுக் கணக்கைச் சொல்லும்போது அவர்கள் ஒவ்வொருவரையும் கால் ஆளாக எண்ணுங்கள். இந்த ‘எடை’யைப் போடாமல் மொத்தத்தைக் கூட்டிவிடுவது மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி நிகழ்கிறது. வீட்டுக்குள் தேர்வு செய்ததற்கும் எடை உண்டு. ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவர் தேர்வாகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, தனியாக வாழ்பவருக்கு முழு வாய்ப்பு. அதை ஈடுகட்டாவிட்டால் கூட்டுக் குடும்பத்தவரின் குரல் குறைந்து ஒலிக்கும்.

எடைகளை அளவுக்கு மீறி ஏற்றவும் கூடாது. ஒருவரின் பதில் பத்து இருபது பேருக்குச் சமமாக நிற்கும் நிலை வந்தால், அந்த ஒருவரின் அன்றைய மனநிலை ஒரு சமூகத்தின் கருத்தாக அச்சேறிவிடும்.

கேள்வி: தீண்டாமை பார்க்கிறீர்களா, மனைவியை அடிப்பது சரியா என்றெல்லாம் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்கள்?
— வழக்கறிஞர், சேலம்

பதில்: நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே சொல்கிறார்கள். எப்படிக் கேட்கிறோம், யார் கேட்கிறோம், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 2011–12இல் இதை நேர்த்தியாகக் கையாண்டது. வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று முதலில் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் அடுப்பங்கரைக்குள் வந்தாலோ பாத்திரத்தைப் பயன்படுத்தினாலோ சிக்கல் உண்டா என்று கேட்டது. இரண்டில் ஒன்றுக்காவது ஆம் என்ற குடும்பங்கள் 27 சதவீதம். கொள்கையாகக் கேட்டால் மறுப்பவர்கள், அடுப்பங்கரையைப் பற்றிக் கேட்டால் உள்ளதைச் சொல்கிறார்கள். பொதுவான சொல்லைத் தவிர்த்து, கண்ணால் காணக்கூடிய ஒரு செயலைக் கேளுங்கள் என்பது இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

தனிமை இன்னொன்று. மாமியார் வாசலில் நிற்க, மருமகள் தரும் பதில் மாமியாருக்கான பதில். தேசியக் குடும்ப நல ஆய்வில் குடும்ப வன்முறைப் பகுதிக்கு ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணைத்தான் தேர்வு செய்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியைக் கேட்பதே இல்லை. பதில் சொன்ன பெண்ணின் பாதுகாப்பு, தரவைவிட முதன்மையானது. விழுமிய ஆய்வுகளில் எப்போதும் தனிமை அமையாது. அப்படியானால் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையாவது ஒவ்வொரு நேர்காணலின் முடிவிலும் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெண்களிடம் பெண்கள் கேட்பது நல்லது. அடையாள அட்டையில் சாதி தெரியும் குடும்பப் பெயரைப் போடாமல் முதற்பெயரும் எண்ணும் போதும். ஆனாலும் கேட்பவரின் மதமும் சாதியும் பேச்சிலும் உடையிலும் ஓரளவு தெரிந்தே தீரும். மறைக்க முடியாததை அளந்துவிடலாம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களின் இறுதியில் வங்காளச் சணல் பயிர்க் கணக்கெடுப்பில் கையாண்ட முறை இன்றும் பயன்படும். ஒரே பகுதியின் மாதிரியைக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, தனித்தனிக் குழுக்களிடம் கொடுங்கள். இரண்டு விடையும் நெருங்கி வந்தால் நல்லது. விலகி நின்றால், அந்த இடைவெளி மக்களுடையதல்ல, கேட்டவர்களுடையது.

மிகவும் கூச்சம் தரும் கேள்விகளுக்குப் பட்டியல் முறை உண்டு. ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணமான நான்கு வாக்கியங்களைப் படித்துக் காட்டி, எத்தனை உங்களுக்குப் பொருந்தும், எது என்று சொல்ல வேண்டாம் என்று கேட்பார்கள். மறுபாதிக்கு அதே நான்கோடு கூச்சம் தரும் ஐந்தாவதும் சேரும். முதல் பாதியின் சராசரி 1.9, இரண்டாவதின் சராசரி 2.2 என்றால், ஐந்தாவது வாக்கியம் 30 சதவீதம் பேருக்குப் பொருந்துகிறது. யார் என்று எவருக்கும் தெரியாது. இதன் விலை அதிகம். 2,000 பேரிடம் நேரடியாகக் கேட்டால் பிழை 2 புள்ளி, பட்டியல் முறையில் 9 புள்ளியை நெருங்கும். நான்கு வாக்கியங்களும் ஒருவருக்குப் பொருந்திவிட்டால் மறைவும் போய்விடும். ஆகவே அவற்றில் ஒன்று அநேகமாக எல்லோருக்கும் பொருந்துவதாகவும் ஒன்று யாருக்குமே பொருந்தாததாகவும் இருக்கட்டும்.

கேள்வி: ஒரே கேள்வியைப் பல மொழிகளில் கேட்கும்போது அது ஒரே கேள்வியாகவே இருக்கிறதா?
— மொழிபெயர்ப்பாளர், கோவை

பதில்: தானாக இருக்காது, இருக்கச் செய்ய வேண்டும். அந்த மத ஆய்வு 17 மொழிகளில் நடந்தது. 2011 கணக்கெடுப்போ பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்கிறது. ஒருவர் மொழிபெயர்க்க இன்னொருவர் மூல மொழிக்குத் திருப்பிப் பெயர்த்துச் சரிபார்க்கும் பழைய முறை மட்டும் போதாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த வறட்டு வாக்கியம்தான் அந்தச் சோதனையில் எளிதாகத் தேறும். ஊரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். இருவர் தனித்தனியே பெயர்த்து, ஆய்வுப்பொருள் தெரிந்த மூன்றாமவரோடு உட்கார்ந்து வரிவரியாக விவாதித்து முடிவு செய்வதே இன்றைய நல்ல வழக்கம். ஏன் இந்தச் சொல்லை எடுத்தோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

அதன்பின் ஒவ்வொரு மொழியிலும் பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டு, ‘இந்தக் கேள்வி எதைப் பற்றி என்று நினைத்தீர்கள்? பதில் சொல்லும்போது யார் நினைவுக்கு வந்தார்கள்?’ என்று விசாரிக்க வேண்டும். உலக விழுமிய ஆய்வு 1981 முதல் கேட்டுவரும் புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு. பெரும்பாலான மக்களை நம்பலாமா, அல்லது எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா? ‘பெரும்பாலான மக்கள்’ என்றதும் சில நாடுகளில் முன்பின் தெரியாதவர்களையும், சில நாடுகளில் உறவினர், அண்டை வீட்டாரையுமே நினைக்கிறார்கள் என்று 2011இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குடும்பத்தினர், அண்டை வீட்டார், முதன்முறை சந்திப்பவர், வேற்று மதத்தவர் என்று பிரித்துக் கேட்பதே மேல். அதே ஆய்வின் பிந்தைய சுற்றுகள் அப்படியும் கேட்கின்றன.

‘மிகவும், ஓரளவு, அதிகமில்லை, அறவே இல்லை’ என்ற படிகளில் ‘ஓரளவு’ எல்லா மொழியிலும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மொழிகளுக்கிடையே ஒப்பிடும்போது கடைசிப் படியை மட்டும் எடுப்பதைவிட, மேலிரண்டையும் கீழிரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்தறிவு 2011இல் 73 சதவீதம்தான் என்பதால் படிகளை அட்டையில் எழுதிக் காட்டுவதோடு நிற்காமல் வாய்விட்டும் படிக்க வேண்டும். ஏணிப் படம் காட்டி எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்பதும் நன்றாக வேலை செய்கிறது. எதற்கும் தலையாட்டும் பழக்கமும் உண்டு. ‘இதை ஏற்கிறீர்களா?’ என்று கேட்டால் ஆம் கூடும். இரண்டு எதிர்நிலைகளைச் சொல்லி எது உங்கள் கருத்துக்கு நெருக்கம் என்று கேட்டால் அந்தக் குறை மறையும்.

‘தெரியாது’ என்ற பதிலை வாசித்துக் காட்டாதீர்கள். ஆனால் தானாகச் சொன்னால் பதியுங்கள். வற்புறுத்தி வாங்கிய கருத்து கருத்தல்ல.

கேள்வி: எல்லா மதங்களையும் மதிப்பது முக்கியம் என்கிறார்கள், அதே மக்கள் வேற்று மதத்தவர் பக்கத்து வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். எது பொய்?
— வாசகி, சென்னை

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். பியூவின் மத ஆய்வில் 84 சதவீத இந்தியர்கள், உண்மையான இந்தியராக இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்றார்கள். முஸ்லிம் ஒருவரை அண்டை வீட்டாராக ஏற்க விரும்பாத இந்துக்கள் 36 சதவீதம். தம் சமூகப் பெண்கள் மதத்துக்கு வெளியே மணம் செய்வதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் இந்துக்களில் 67, முஸ்லிம்களில் 80 சதவீதம். மதிப்பது ஒன்று, கலந்து வாழ்வது வேறு என்று பலர் நினைக்கிறார்கள். ‘நீங்கள் சகிப்புத்தன்மை உள்ளவரா’ என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் கேட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. மதிப்பு, அண்டை, நட்பு, திருமணம் என்று படிப்படியாக நெருங்கிக் கேட்டால்தான் மனம் எந்தப் படியில் நின்றுவிடுகிறது என்று தெரியும்.

கேள்வி: ‘இந்தியர்களின் கருத்து’ என்று ஒரு சராசரியைச் சொல்வதில் பொருள் உண்டா?
— கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: மிகக் குறைவு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், கணவன் மனைவியை அடிப்பது ஏதேனும் ஒரு சூழலிலாவது சரி என்ற பெண்கள் நாட்டளவில் 45 சதவீதம். தெலங்கானாவில் 84, இமாச்சலப் பிரதேசத்தில் 15. இவ்விரண்டில் எதற்குமே 45 பொருந்தாது. சராசரியை வெளியிடுபவர் அதன் பக்கத்திலேயே மாநிலவாரி விரிவையும் வெளியிட வேண்டும். எழுத்தறிவோ வருமானமோ மட்டும் இந்த வேறுபாட்டை விளக்கிவிடும் என்று அவசரப்படவும் கூடாது. வருமானத்தில் முன்னிற்கும் தெலங்கானாவின் எண்ணே அதற்கு எச்சரிக்கை.

கேள்வி: இணையத்தில் லட்சக்கணக்கானோர் வாக்களிக்கும் கருத்துக்கணிப்புகள் இருக்கும்போது வீடுவீடாக அலைவது எதற்கு?
— மென்பொருள் பொறியாளர், ஓசூர்

பதில்: தானாக வந்து பதில் சொன்னவர்கள் எத்தனை லட்சம் இருந்தாலும் அவர்கள் தானாக வந்தவர்களே. அமெரிக்காவில் ஃபேஸ்புக் வழியாக வாரத்துக்குச் சுமார் 2.5 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வு, 2021 மே மாதத்தில் தடுப்பூசி போட்டவர்களின் அளவை 17 புள்ளிகள் கூட்டிச் சொன்னது. ஆயிரம் பேரை முறையாகத் தேர்ந்தெடுத்த சிறிய ஆய்வு உண்மைக்கு நெருங்கி நின்றது. ஆட்கள் கூடக் கூடப் பிழை வரம்பு சுருங்குகிறது. யார் வந்தார்கள் என்பதால் ஏற்படும் சாய்வு அப்படியே இருக்கிறது. அதனால் பெரிய எண், தவறான விடையைக் கூடுதல் உறுதியோடு சொல்கிறது.

தொலைபேசி இடைப்பட்ட வழி. நாட்டில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம் என்கிறது அதே குடும்ப நல ஆய்வு. மீதிப் பேரின் குரல் கணவன் கைபேசி வழியாகத்தான் வர வேண்டும். 15, 20 நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவும் மாட்டார்கள்.

கேள்வி: களப்பணியாளர் மரத்தடியில் உட்கார்ந்து தாமே நிரப்பிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முழுவதும் கற்பனையான நேர்காணலைவிட, பாதியை மட்டும் கேட்டு மீதியை நிரப்புவதே பரவலான கோளாறு. 45 நிமிடக் கேள்வித்தாள் 12 நிமிடத்தில் முடிந்ததா, ஒரே இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியில் பத்து நேர்காணல்கள் குவிந்துள்ளனவா என்பதைக் கைக்கணினியே சொல்லிவிடும். ஒப்புதல் பெற்று இடையிடையே ஒலிப்பதிவு செய்வதும், குறைந்தது 10 சதவீத வீடுகளுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய் நான்கைந்து கேள்விகளை மறுபடி கேட்பதும் கட்டாயம்.

இன்னும் நுட்பமான தடயங்கள் உண்டு. பொய்யாக நிரப்புபவர், துணைக்கேள்வி வராத பதிலையே தேர்ந்தெடுப்பார். வீட்டில் பெரியவர்கள் ஒருவர் இருவர் என்றே எழுதுவார். நம் நாட்டில் உண்மையான வயதுப் பதிவு 40, 45, 50 என்று குவியும். அந்தக் குவியல் ஒருவரிடம் மட்டும் இல்லையென்றால் விசாரியுங்கள்.

இரண்டு பேரின் பதில்கள் 85 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் நகல் என்று சந்தேகிக்கும் ஒரு விதி உண்டு. இதைக் கண்மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள். கேள்விகள் குறைவாகவும் ஊர் ஒரே சமூகமாகவும் இருந்தால் நேர்மையான பதில்களே அப்படி ஒத்துப்போகும். உழைத்த ஒரு களப்பணியாளரின் வேலையை ஒரு சதவீதத்தை வைத்துப் பறித்துவிடக் கூடாது.

கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் ஏற்பாட்டில்தான். நேர்காணலுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசினால் வேகம்தான் கிடைக்கும். நாட்கூலி கொடுத்து, நாளுக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி மாணவர்கள் 12 பேர். ஒரு மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வு செய்ய முடியுமா? சேகரித்ததை வெளியிடலாமா?
— சமூகப்பணித் துறைப் பேராசிரியர், திருநெல்வேலி

பதில்: தாராளமாக. 600 நேர்காணல் இலக்கு வையுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து என்றால் பத்து நாள் வேலை. 20 ஊர்களில் 30 பேர் வீதம் எடுத்தால், ஒற்றுமை 0.05 என்று கொண்டால் பிழை 6.3 புள்ளி. 60 ஊர்களில் 10 பேர் வீதம் எடுத்தால் அதே 600க்கு 4.8 புள்ளி. பேருந்துச் செலவு கூடும். முடிந்தால் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

மூன்று நாள் பயிற்சி வேண்டும். அதில் ஒரு நாள் முழுவதும் மாதிரியில் இல்லாத ஓர் ஊரில் ஒத்திகை. கேள்விகள் 30 நிமிடத்துக்குள் முடியட்டும். எளிதானவை முதலில், மதமும் திருமணமும் நடுவில், சாதியும் வருமானமும் கடைசியில். சாதியை முதலிலேயே கேட்டால் அதன்பின் வரும் எல்லாப் பதிலும் அந்த நிழலில் வரும்.

எதற்காகக் கேட்கிறோம், எந்தக் கேள்வியையும் மறுக்கலாம், பாதியில் எழுந்து போகலாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் துறையில் ஒருவர் படித்து வைத்திருப்பது நல்லது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்க வேண்டாம்.

வெளியிடும் கோப்பில் பெயர், கைபேசி எண், ஜிபிஎஸ் புள்ளி, ஒலிப்பதிவு, ஊர்ப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. இவற்றை எடுத்த பிறகும் ஆள் தெரிந்துவிடும். ஒரு சிற்றூரில் ‘62 வயது, ஆண், கிறிஸ்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்’ என்றால் அது யார் என்று ஊருக்கே தெரியும். வயதைப் பத்தாண்டுப் பிரிவாக்குங்கள், தொழிலைப் பெருவகையாக்குங்கள், மாதிரியில் 30 பேருக்குக் குறைவாக உள்ள சாதிகளை ஒன்றாகச் சேருங்கள். வினாத்தாள், தேர்வு முறை, எத்தனை பேர் மறுத்தார்கள், எடைகளை எப்படிப் போட்டீர்கள் ஆகிய நான்கையும் முடிவுகளோடு சேர்த்து வெளியிடுங்கள். பெயரும் முகவரியும் உள்ள தாளைத் தனியாகப் பூட்டி வைத்து, மறுபார்வை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.